நிறுத்ததற்கு மேல் ஒரு பிடி

பக்கத்து வீட்டுப் பெண் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். என்ன படிப்பு என்று கேட்டேன். சாப்பாட்டைப் பற்றிய படிப்பாம். எந்த நோய்க்காரருக்கு எதைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்று வருஷக்கணக்காகப் படித்துவிட்டு ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போவாளாம். "அதத்தான் நானும் படிச்சேன். பாஸும் பண்ணேன்" என்றேன். வீட்டில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். சம்பளத்துக்குக் கடைசி வரை பெருவிரல் ஒற்றிய மனிதன் சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் நான் சொன்னது பொய் இல்லை.

நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். "அப்பா, விசயத்துக்கு வாங்க" என்று இடையிடையே பேனாவைத் தூக்குகிறாள். வருவேன். என் நடையே அப்படித்தான்.

நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் நான். நாங்கள் குடியிருந்த லயத்துக்குக் கீழே பள்ளிக்கூடம் என்று ஒரு கொட்டில் இருந்தது. நான் போன நாட்களில் வாத்தியார் வரமாட்டார். வாத்தியார் வந்த நாட்களில் நான் மலையில் நிற்பேன். அப்படியே வளர்ந்து கல்யாணமும் ஆகிவிட்டது. அப்புறம் தேயிலை விலை விழுந்த காலம் வந்தது. தோட்டத்தில் ஆள் குறைத்தார்கள். என் பெயரையும் வெட்டினார்கள். மனைவியை அவள் அப்பா வீட்டில் விட்டுவிட்டு, ரயில் ஏறிக் கண்டிக்கு வந்தேன். தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை கிடைத்தது. குசினிக்குள் இல்லை, வெளியில். விறகு பிளப்பது, தண்ணீர் சுமப்பது, அண்டா கழுவுவது. அன்றன்றைக்குக் கூலி. படுக்கை விறகுக் கொட்டிலில்.

அந்த விறகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரப்பர் விறகு வந்தால் புகை கண்ணைப் பிடுங்கும், பலா விறகு வந்தால் அந்தக் கிழமை முழுவதும் நல்ல கிழமை. மகள் பேனாவைத் தூக்கிவிட்டாள். சரி, விடுகிறேன்.

குசினியில் தலைமைச் சமையல்காரரை நாங்கள் மேஸ்திரி என்று கூப்பிடுவோம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். முந்நூறு பேருக்கும் ஒரே அண்டாவில் சோறு, ஒரே அண்டாவில் பருப்பு. காய்ச்சல்காரன், கை முறிந்தவன், பிள்ளை பெற்றவள் எல்லாருக்கும் அதே. பசி எல்லாருக்கும் ஒன்றுதானே என்பார். அப்படி இருந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு மிஸ்ஸி வந்தார். தாதிமாரை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வது. இவர் யாழ்ப்பாணத்து வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். கப்பலில் போய் வெளிநாட்டில் நோயாளிச் சாப்பாட்டைப் பற்றியே படித்துவிட்டு வந்தவர். ஒல்லியான ஆள். நடந்தால் செருப்புச் சத்தம் முன்னால் வரும், அவர் பின்னால் வருவார்.

பெரிய குசினிக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு குசினி திறப்பது என்று முடிவாயிற்று. பத்தியக் குசினி. அதற்குத் தனியாக ஒரு சமையல்காரர், மாதச் சம்பளம், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓட்டுக் கூரை போட்ட ஒரு அறை. மிஸ்ஸி தாதிமாருக்கு நடத்தும் வகுப்பில் குசினியிலிருந்தும் ஒருவர் வந்து படிக்க வேண்டும், படித்துத் தேறினால் அந்த வேலை அவருக்கு. மேஸ்திரியிடம் ஆள் கேட்டார்கள். அவருக்கு அந்தச் சின்னக் குசினியே பிடிக்கவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் காட்டினார்.

"இந்தா, இவன அனுப்புறேன். ஆனா ஆவன்னா கூடத் தெரியாது. படிப்புக்கு இவனவிட நல்ல ஆளு கண்டியிலயே இல்ல."

குசினி முழுவதும் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அந்த ஓட்டுக் கூரை அறை என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. மனைவியைக் கூட்டி வர ஒரு கூரை இல்லாமல்தான் நான் விறகோடு படுத்துக் கிடந்தேன்.

வகுப்பு பின்னேரங்களில், வெள்ளைத் துணிகள் அடுக்கிய அலுமாரிகளுக்கு நடுவில். நீள மேசை, கதிரைகள், சுவரில் ஒரு பெரிய படம். தாதிப் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவோரத்தில் நின்றேன். மிஸ்ஸி சுவரில் இருந்ததை வாசிக்கச் சொன்னார்.

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்க மிஸ்ஸி."

ஒரு பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டாள். மிஸ்ஸி அவளைப் பார்க்கவே இல்லை.

"நிறம் தெரியுமோ?"

"தெரியுங்க."

"பாரம் தெரியுமோ? கையில வைச்சால் எது கூட, எது குறைவெண்டு சொல்லுவீரோ?"

"விறகு தூக்குறவனுங்க. தெரியுங்க."

"அப்ப ஏன் நிக்கிறீர்? கதிரையில இரும்."

கதிரையில் உட்கார்ந்து படித்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

மேசையில் பித்தளைத் தராசு ஒன்று இருந்தது, நகைக் கடையில் இருப்பது மாதிரி. எடைப் படிகள் சின்னஞ்சிறியவை. அவற்றில் பொறித்திருந்த எண் எனக்குத் தெரியாது, ஆனால் கையில் எடுத்தால் எது எது என்று தெரியும். சோறு, பாண், கிழங்கு, பலாக்காய், ஈரப்பலா, வாழைப்பழம் எல்லாம் உடம்புக்குள் போய்க் கடைசியில் சீனியாகத்தான் மாறுமாம். தாதிப் பிள்ளைகள் அதற்கு ஆங்கிலத்தில் ஏதோ பெயர் எழுதிக்கொண்டார்கள். நான் அவர்களைச் சொந்தக்காரர்களாக வைத்துக்கொண்டேன். எல்லாரும் ஒரே குடும்பம், சோறு மூத்தவர். சீனி வருத்தக்காரருடைய, அதாவது நீரிழிவுக்காரருடைய, சாப்பாட்டுக் கோப்பைக்கு மூத்தவர் வந்துவிட்டால் தம்பிமார் வாசலில் நிற்க வேண்டும். இறைச்சி, முட்டை, மீன் வேறு குடும்பம். கீரை யாருக்கும் சொந்தமில்லை, எப்போது வந்தாலும் வா என்று சொல்லலாம். "கீரைக்குத் தராசு தேவையில்லை" என்று மிஸ்ஸி சொன்னார். அந்த வார்த்தையை மறக்காமல் வைத்திருங்கள், பின்னால் வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது கண்ணாடிக் குழாய். அதில் ஒரு நீலத் தண்ணீர் ஊற்றி, நோயாளியின் மூத்திரத்தில் சில சொட்டு விட்டுக் கொதிக்க வைப்பார்கள். சீனி இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, இன்னும் இருந்தால் மஞ்சள், நிறைய இருந்தால் செங்கல் நிறம். மற்றவர்கள் படித்து மனப்பாடம் செய்தார்கள். எனக்கு ஒரு தடவை பார்த்ததே போதும். காலை வெயிலில் கண்டிக் குளம் எப்படி இருக்கும்? அந்த நீலம் வந்தால் நல்லது, அவ்வளவுதான்.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். மனைவி தேத்தண்ணி தந்துகொண்டே கேட்டாள்.

"ஏங்க, அப்பா கேக்குறாரு. மாப்பிள்ள என்னா படிக்கிறாரு, டொக்டருக்கா, சட்டி கழுவவான்னு."

"ரெண்டுக்கும் நடுவுலன்னு சொல்லு."

"நடுவுல இருக்கறவருக்கு ஒரு வீடும் இருக்குமா?"

"இருக்கும். ஓட்டு வீடு."

அவள் நம்பவில்லை. ஆனால் அன்றைக்கு இரண்டாவது தேத்தண்ணியும் கிடைத்தது.

வகுப்பு முடியும் நேரத்தில் பெரிய டொக்டர் குறுக்கே நின்றார். நல்ல மனிதர், அதைச் சொல்லிவிடுகிறேன். எழுத்துத் தெரியாதவனிடம் நோயாளியின் உயிரை எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். நியாயம்தானே? மிஸ்ஸி அவரோடு நெடுநேரம் கதைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"உமக்கு எழுத்துப் பரீட்சை இல்லை. ஒரு நோயாளியைத் தாறம். அவரின்ர சாப்பாடு முழுக்க உம்மட பொறுப்பு. பெரிய டொக்டர் பாக்க வாற நாளில குழாய் நீலமா நிண்டால் வேலை உமக்கு."

"நிக்காட்டிங்க?"

"விறகுதான்."

தந்த நோயாளி அக்குறணை முதலாளி ஒருவர். பலசரக்குக் கடைக்காரர், பெரிய உடம்பு, பெரிய குரல். குதிகாலில் ஒரு புண் ஆறாமல், சீனி வருத்தத்தோடு படுத்திருந்தார். ஊசி ஒரு பக்கம் போட்டார்கள். ஊசிக்கு ஏற்ற மாதிரி சாப்பாட்டை நிறுத்துக் கொடுக்க வேண்டியது என் பக்கம்.

முதல் நாள் தராசைக் கட்டிலடிக்கே கொண்டுபோய் அவர் கண் முன்னால் அரிசியை நிறுத்தேன். எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்ன தம்பி இது! ஊருக்கே நிறுத்துக் குடுக்கிற மனிசன் நான். எனக்கே நிறுத்துக் குடுக்க வந்தீக்கியா?"

"மிஸ்ஸி சொன்ன அளவுங்க மொதலாளி."

தராசு முள் நடுவில் வந்து நின்றது. அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"சரி, மேல ஒரு பிடி போடு."

"போடக் கூடாதுங்க."

"என்ன யாவாரம் பண்ற நீ? நிறுத்ததுக்கு மேல ஒரு பிடி போடாட்டி அந்தக் கடைப் படி இன்னொருக்கா ஆள் மிதிக்குமா? வெறும் நிறுவையில பரக்கத் இல்ல தம்பி."

பரக்கத் என்றால் முஸ்லிம் ஆட்கள் ஆண்டவன் தரும் பெருக்கத்தைச் சொல்வது. அவர் சொன்னதும் உண்மைதான். அந்தக் காலத்தில் எந்தக் கடையிலும் முள் நேராக நின்ற பிறகு முதலாளியின் கை சாக்குக்குள் இன்னொரு தடவை போகும். அதைப் பார்க்கத்தான் நாங்களும் கடைக்காரரின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்துக்கொண்டு நிற்போம். ஆனால் நான் போடவில்லை. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அதற்குச் சொன்ன காரணம் வேறு, அதுவும் நியாயம்தான். ஆஸ்பத்திரிச் சட்டியில் என்னென்ன வெந்ததோ, தன் மார்க்கத்துக்கு அது சரிவராது என்றார்.

மிஸ்ஸி யோசித்தார். சாப்பாடு வீட்டிலிருந்தே வரட்டும், ஆனால் சொன்ன அளவுக்கு மேல் ஒரு பருக்கை கூட வரக் கூடாது என்று முதலாளியின் தம்பியிடம் சொல்லி அனுப்பினார். கடை வீட்டில் தராசுக்குப் பஞ்சமா? அன்றிலிருந்து மத்தியானத்தில் அக்குறணை பஸ்ஸில் சாப்பாட்டுக் கேரியர் வந்தது. திறந்தால் வார்டு முழுவதும் மணக்கும். பாகற்காய், முட்டை, கோழி, சோறு. வீட்டில் நிறுத்தது அரிசியை, வந்தது வெந்த சோறு, அதனால் இங்கே என் தராசுக்கு வேலை இல்லை. நான் பக்கத்திலேயே நின்று சாப்பிட வைப்பேன். தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, வெல்லம் இல்லை. தலையணைக்குக் கீழே பார்த்தேன், ஒன்றும் இல்லை.

குழாயைக் கொதிக்க வைத்தேன். செங்கல்.

மறுநாளும் செங்கல். அதற்கடுத்த நாள் கொஞ்சம் மஞ்சள் காட்டிவிட்டு மறுபடியும் செங்கல். மேஸ்திரி வாசலில் நின்று பார்த்தார்.

"என்னாடா மாப்ளே, பத்தியக் குசினியா, செங்கல் சூளையா? சொல்லு, வீடு கட்ட எனக்கும் கொஞ்சம் வேணும்."

மிஸ்ஸி ஊசியைச் சரிபார்த்தார், மருந்தைச் சரிபார்த்தார். நான் முதலாளியிடம் கெஞ்சினேன்.

"மொதலாளி, மறைக்காம சொல்லுங்க. வேற என்னா சாப்பிடுறீங்க?"

அவர் கண் கலங்கிவிட்டது. "அல்லாஹ் மேல ஆணையா நீ பாக்கத் தின்கிறது மட்டுந்தான் தம்பி. எனக்கு வீட்டுக்குப் போக ஆசை இல்லையா? கடை பூட்டினபடி ஈக்குதே."

அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அப்படியென்றால் கோளாறு கேரியருக்குள் வருகிறது. ஆனால் எப்படி? அவருடைய மனைவி நிறுக்காமல் ஒரு நாளும் அனுப்பவில்லை என்று தம்பி சத்தியம் செய்கிறார். பெரிய டொக்டர் வரும் நாளோ நெருங்குகிறது. மிஸ்ஸியிடம் காலையில் அனுமதி கேட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்தக் காலத்து மாத்தளை ரோட்டு பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இரண்டு முதலாளிமாரின் பஸ் ஒன்றை ஒன்று துரத்தும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் இரண்டும் ஒன்றாக ஏறப் பார்க்கும், கீழே மகாவலி ஓடும், உள்ளே ஆட்கள் அவரவர் சாமியைக் கூப்பிடுவார்கள். நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். எனக்கு அன்றைக்கு எல்லாரும் வேண்டியிருந்தது.

கடைக்குப் பின்னால் வீடு. முதலாளியின் மனைவி திரைக்குப் பின்னால் நின்று கதைத்தார். முகம் தெரியாது, குரல் மட்டும்.

"வாங்க தம்பி. அவருக்கு எப்படி ஈக்குது? நான் குறையில்லாமத்தான் அனுப்புறேன்."

"அதாங்கம்மா பாக்க வந்தேன். நீங்க நிறுக்கறத ஒரு தடவ பாக்கணும்."

அடுப்படி வாசல் திரையைக் கொஞ்சம் விலக்கிவிட்டார்கள். கடைத் தராசு, அரிசிப் பெட்டி, வளையல் போட்ட ஒரு கை. அந்தக் கை அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாக இட்டது. முள் அசைந்து அசைந்து நடுவில் நின்றது. எங்கள் மிஸ்ஸி பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். சரி, இங்கேயும் கோளாறு இல்லை, என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது அந்தக் கை மறுபடி பெட்டிக்குள் போயிற்று. ஒரு பிடி அள்ளி, நிறுத்த அரிசிக்கு மேல் போட்டது. சின்னப் பிடியும் இல்லை. முதலாளி வீட்டுப் பிடி.

"அம்மா! அது என்னாங்க?"

"எது?"

"இப்ப போட்டீங்களே."

"அதா? அது நிறுவையில சேராது தம்பி. அது பரக்கத்துக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தம்மா ஏமாற்றவே இல்லை. அவர்கள் கணக்கில் அந்தப் பிடி அரிசியே இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு பிடி, நிறுத்த பிறகு. நான் விளக்கிச் சொன்னேன். 

"எப்படித் தம்பி மொட்டையா நிறுத்து அனுப்புறது? இந்த வீட்டிலருந்து யாருக்கும் அப்படிப் போனதில்ல. வாசலுக்கு வாற பிச்சக்காரனுக்கும் மேல ஒரு பிடி போட்டுத்தான் குடுக்கிறது. கட்டின புருசனுக்குக் கைதிச் சோறா அனுப்பச் சொல்றீங்க?"

போடாதீர்கள் என்று சொன்னால் எனக்கு முன்னால் தலையாட்டுவார்கள், நான் பஸ் ஏறியதும் கை தானாகப் பெட்டிக்குள் போகும். அது எனக்குத் தெரியும், என் கையும் அப்படித்தான் போகும். வாசலில் நின்று யோசித்தேன். பின்புறத்தில் கிணற்றடி ஓரமாகக் கங்குன் கீரையும் வல்லாரையும் தழைத்துக் கிடந்தன. மிஸ்ஸியின் குரல் காதுக்குள் கேட்டது.

"அம்மா, மேல ஒரு பிடி போடுங்க. கட்டாயம் போடுங்க. ஆனா அரிசியில வேணாம். கீரையில போடுங்க. ஒரு பிடி இல்ல, ரெண்டு பிடி போடுங்க, மூணு பிடி போடுங்க. அதுக்குத் தராசே கெடையாதுங்க. எங்க மிஸ்ஸி படிச்சுக் குடுத்தது."

"தராசே இல்லையா?"

"இல்லீங்க."

"அப்ப அவருக்கு வயிறும் நெறையும்?"

"நெறையுங்க."

திரைக்குப் பின்னால் மெதுவாக ஒரு சிரிப்புக் கேட்டது. அந்தக் கை வந்து, மேலே போட்ட அரிசியை அள்ளி எடுத்து, பக்கத்தில் இருந்த வேறொரு சட்டியில் போட்டது. வாசலுக்கு வருகிறவர்களுக்காம். பரக்கத்தும் வீட்டை விட்டுப் போகவில்லை. எனக்கு வெல்லத்தோடு தேத்தண்ணி தந்தார்கள். எனக்குச் சீனி வருத்தம் இல்லையே, நன்றாகக் கடித்துக் குடித்தேன்.

அன்று மத்தியானம் கேரியரின் கீழ்த் தட்டு முழுவதும் சுண்டிய கீரை. முதலாளி திறந்து பார்த்தார்.

"என்ன தம்பி, என்ன மாடுன்னு நெனச்சிட்டாளா?"

"மேல் பிடிங்க மொதலாளி. வீட்டுல போட்டு விட்டது."

அவர் கேரியரைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு ஒரு இலை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

குழாய் செங்கலிலிருந்து மஞ்சளுக்கு இறங்கியது. மஞ்சள் பச்சையாயிற்று. நான் விறகு பிளக்கும்போது கூட அந்தப் பச்சையையே நினைத்துக்கொண்டு பிளந்தேன். மிஸ்ஸியிடம் நடந்ததைச் சொன்னபோது முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அப்புறம் தாதிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு என்னையே இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். "இதை எனக்கு அங்க ஒருத்தரும் படிப்பிக்கேல்லை. இனி என்ர வகுப்பில இதுவும் ஒரு பாடம்" என்றார்.

பெரிய டொக்டர் வந்த நாள். நல்ல வெயில். கட்டிலைச் சுற்றி தாதிப் பிள்ளைகள், வாசலில் மேஸ்திரி. டொக்டர் என்னிடம் கேள்வி கேட்டார், மிஸ்ஸி தமிழில் சொன்னார். சோற்றுக்குப் பதிலாக ஈரப்பலா கேட்டால் என்ன செய்வாய்? மூத்தவரை வெளியே அனுப்பிவிட்டுத் தம்பியை அளந்து உள்ளே விடுவேன் என்றேன். மிஸ்ஸி அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார் போல, டொக்டர் பெரிதாகச் சிரித்தார். ஊசியால் சீனி அதிகம் குறைந்து மயக்கம் வந்து வேர்த்தால்? உடனே சீனித் தண்ணீர், பிறகுதான் ஓடிப்போய் ஆள் கூப்பிடுவேன். சரி என்று தலையாட்டினார்.

பிறகு குழாய். நானே விளக்கில் பிடித்தேன்.   தண்ணீர் கொதித்தது, பொங்கியது, அடங்கியது. ஜன்னல் பக்கமாகத் தூக்கிப் பிடித்தேன்.

நீலம். பச்சை கலக்காத, குளத்து நீலம்.

யார் முதலில் சத்தம் போட்டது தெரியுமா? முதலாளிதான். "பாத்தீங்களா! நம்ம கடைத் தராசு!" என்று கட்டிலை அடித்தார். தாதிப் பிள்ளைகள் கை தட்டினார்கள். முதல் நாள் வாயைப் பொத்திச் சிரித்த பிள்ளைதான் அதிகம் தட்டினாள். டொக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வலித்தது, ஆனால் நான் எடுக்கவில்லை. மிஸ்ஸி தன் இடுப்பிலிருந்த சின்னக் குசினிச் சாவியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். கையில் வைத்ததுமே பாரம் பார்க்கிற பழக்கம். ரெண்டு அவுன்சுக்குக் கொஞ்சம் குறைவு.

மேஸ்திரி போகிற வழியில் என்னைத் தோளில் தட்டினார். "விறகு வெட்ட எனக்கு வேற ஆளு பாக்கணும். பெரிய தொல்ல பண்ணிட்டடா நீ." அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

புண் ஆறி, முதலாளி தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார். அந்த மாதமே என் மனைவி நாவலப்பிட்டியிலிருந்து ரயிலில் வந்தாள். அவள் அப்பாவும் கூட வந்தார். ஓட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மாப்பிள்ள, ஓடு கெட்டியாத்தான் இருக்கு" என்றார். அன்று முழுவதும் அந்த வாசலிலேயே உட்கார்ந்து, போகிற வருகிற ஆட்களுக்கெல்லாம் மருமகன் உள்ளே இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

புது அடுப்பில் முதல் உலை. நான் பழக்கத்தில் அரிசியை நிறுத்து எடுத்துக் கொடுத்தேன். மனைவி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, என்னா, நானும் நோயாளியா?"

சொல்லிவிட்டு அரிசிப் பானைக்குள் கையை விட்டு, மேலே ஒரு பிடி அள்ளிப் போட்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தடுக்கவில்லை.